புனைபெயருக்கு ஓர் அர்ச்சனை

கும்பகோணத்திலிருந்து நன்னிலம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கறுப்புச் சட்டைக்காரர்கள் இருவர். ஏதோ ஒரு பகுத்தறிவு எழுத்தாளர் வட்டத்தின் தலைவரும் செயலாளரும் என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது. செயலாளரின் நாவல் ஒரு போட்டியில் இருக்கிறதாம்.

"நீங்க போயி கோயில்ல அர்ச்சனை பண்ணலாமாங்க?" என்றார் தலைவர்.

"எனக்குப் பண்ணலைங்க. என் புனைபெயருக்குத்தான் பண்ணேன். தீச்சுடரோனுக்கு."

"அதுக்கு ஏதுங்க நட்சத்திரம்?"

"முதல் கதை அச்சான தேதியைப் பழைய பஞ்சாங்கத்துல தேடிப் பாத்தேன். கேட்டை."

"வெக்கமா இல்ல? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இதைக் கேக்கத்தான் போறேன். செயலாளர் பதவியை விட்டுட்டுப் போங்க."

செயலாளர் மெதுவாகச் சொன்னார்.

"குருக்கள் கொஞ்சம்கூட அசரலைங்க. 'போன வாரமும் உங்க வட்டத்துலேர்ந்து ஒருத்தர் இதே போட்டிக்காக வந்தாரு, அவர் புனைபெயருக்கு ரேவதி நட்சத்திரம்'னு அவரே சொன்னாரு."

பேருந்து குடவாசலில் நின்றதும் தலைவர் வெடித்தார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னாரே அந்த மனுஷன்!"