போரிக்கு ஒரு கிண்ணம்

கடற்பாசிச் சாற்றில் உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், ஐயா. அவசரப்பட்டு முதலிலேயே போட்டால் ருசி கெட்டுவிடும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுப்பது அதுதான், அந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள்தோறும் கொடுப்பதும் அதுதான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

இளவரசி ஹேவொனுக்குப் பால் கொடுக்க என்னைத் தலைநகர் கெக்யொங்கின் அரண்மனைக்கு அழைத்து வந்தபோது என் மகள் போரி கைக்குழந்தை. பார்லி அறுப்பில் பிறந்ததால் பார்லியின் பெயரையே வைத்தோம். அரச குழந்தை குடிக்கும் மார்பில் வேறு வாய் படக்கூடாது என்றார்கள். ஊரில் என் மாமியார் போரிக்குக் கஞ்சித் தண்ணீர் புகட்டிப் பார்த்தாள். ஒத்துக்கொள்ளவில்லை, குழந்தை போய்விட்டது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. விதிமுறை என்றால் விதிமுறைதான்.

ஹேவொனுக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். பெற்றவள் பிரசவத்திலேயே கண்ணை மூடிவிட்டாள். தகப்பனாரான அரசருக்கோ எந்தப் பிள்ளை எந்த ராணிக்குப் பிறந்தது என்று பக்கத்தில் ஒருவர் எடுத்துக்கொடுக்க வேண்டும். இந்த வசந்தத்தில் திடீரென்று வந்தார், மங்கோலியப் பெரிய கானின் பேரனுக்கு அவளைக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

“அங்க போய் அழுது என் மானத்தை வாங்காதே.”

“அழ மாட்டேன்ப்பா. நீங்க என் பேரை மறக்காம இருங்க. அவங்க கேட்டா சொல்லணுமில்ல?”

அதன்பின் குதிரைக்காரர்களிடம் மங்கோலியப் பேச்சு கற்றுக்கொண்டாள். தப்பாகச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வளர்த்தவளுக்குத் தெரியாதா? உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தாள். அப்படிப் போனவர்களில் யார் திரும்பி வந்தார்கள்? என்னையும் கூட்டிப்போக மாட்டேன் என்றாள். “அந்தக் குளிர் உங்களுக்கு ஆகாதும்மா.” அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

நாபிக் கிழங்கு என் மூட்டுவலிக்கு வாங்கியது. அளவோடு போட்டால் நல்ல மருந்து, மிஞ்சினால் நஞ்சு.

புறப்பாட்டுக்கு முந்தின நாள் காலையில் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தேன்.

“என்னம்மா, பிறந்தநாள் சாறு? நான் பிறந்தது குளிர்காலத்துலதானே? இப்பவே வயசை ஏத்திக் கிழவியாக்கி அனுப்பப் பாக்கறீங்களா?”

“இன்னைக்குப் போரிக்குப் பிறந்தநாள்,” என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. போரியின் கதையை அவளுக்கு நான் எப்போதோ சொல்லியிருந்தேன். கிண்ணத்தை எடுத்துக் குடித்தாள்.

“அவ குடிக்க வேண்டியதைத்தானே நான் குடிச்சேன்,” என்றாள். “எனக்குப் பிள்ளை பிறந்தா நானே பால் குடுப்பேன்மா. யார் தடுத்தாலும் சரி. இன்னொரு போரி சாக வேணாம்.”

இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அரண்மனையில் இன்னொரு வாய் சொல்லி நான் கேட்டதில்லை. கிண்ணத்தில் அப்போது பாதி மிச்சம் இருந்தது. எடுத்திருக்கலாம். இன்னும் ஓர் அகப்பை ஊற்றினேன்.

வெயில் உச்சிக்கு வருமுன் என் மடியிலேயே அடங்கிவிட்டாள். வாயை நான்தான் துடைத்துவிட்டேன்.

பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. கண்காணாத தேசத்தில் அவளை அநாதையாக விட மனம் வரவில்லை, அவ்வளவுதான். என் போரி பசியோடு போனாள். இவளை நான் அப்படி அனுப்பவில்லையே.