சுனில்டா அத்தையோட மயோனைஸ்

கடிக்காது டாக்டரம்மா, தைரியமா பிடிங்க. பேருதான் பத்ரோன், முதலாளி. பூனை ஒரு சீறு சீறுனா ஐயா கட்டிலுக்கு அடியில. வாலைத் தூக்குனாதான் கொஞ்சம் வெக்கப்படுவான்... அது என்ன, பஞ்சு சுத்துன குச்சியா? அங்கயா விடணும்? ஐயய்யோ. டேய் பத்ரோன், என்னைப் பாக்காதடா, எனக்கு ஒண்ணும் தெரியாது.

ஆமா, நீங்க ஆஸ்பத்திரிலேர்ந்துதானே வர்றீங்க? எங்க அக்காவைப் பாத்தீங்களா? லிலியான். எட்டு மாசம். ஓ, நீங்க நாய்க்கு மட்டுந்தானா. இல்ல, காலையில காய்ச்சல் இறங்கலைன்னாங்க. பிள்ளை அசையுறது கம்மியா இருக்குதாம், பெல்ட்டு மாதிரி எதையோ வயித்துல கட்டிப் பாத்துக்கிட்டே இருக்காங்களாம். அதான் கேட்டேன்.

ஆனா நாயை எதுக்குப் பாக்குறீங்க? இங்கதான் செவ்வாக்கிழமையே தீர்ப்பு ஆயிடுச்சே. சுனில்டா அத்தையோட மயோனைஸ்! எங்கம்மா எப்படிச் சொன்னாங்கன்னு கேளுங்க. உங்க தங்கச்சி ஞாயித்துக்கிழமை சாலட்டுக்குப் பச்சை முட்டையை வெயில்ல வச்சு அடிச்சு என் பொண்ணைக் கொல்லப் பாக்குறா, நீங்க மரம் மாதிரி நிக்கிறீங்களே மனுஷா! அப்பா என்ன சொன்னாரு? ம். அவ்ளோதான், அவருக்கு அது பெரிய பிரசங்கம். அத்தை மூக்காலயே அழுவுறாங்க. அண்ணீ, முட்டை அன்னைக்கு இட்டது அண்ணீ, கோழி இன்னும் கொல்லையில நிக்குது, அதையே கேளுங்க அண்ணீ!

சிரிச்சிட்டீங்க பாத்தீங்களா. எல்லாரும் சிரிப்பாங்க.

அத்தை இப்ப வீட்ல இல்ல. இன்னைக்கு விடியறதுக்குள்ள காகுபே மாதா கோயிலுக்கு நடந்தே கிளம்பிட்டாங்க, செருப்பில்லாம. லிலியான் பொழைச்சா முட்டையே தொட மாட்டேன்னு வேண்டுதல். இந்த வெயில்ல, அந்த முட்டியோட. மெயின் ரோட்டுல எங்க போய்க்கிட்டிருக்காங்களோ.

இவன் சாப்பாடா? அப்பாவுக்குச் சந்தையில கோழிக் கடை இருக்கில்ல, தலை, கழுத்து, குடல் எல்லாம் ஒரு வாளியில வரும். பச்சையாத்தான் போடுவேன். போன்ல ஒரு தாடிக்காரர் சொல்வாரே, பாத்ததில்லையா? அன்பு நண்பர்களே! ஓநாய் என்ன அடுப்பு மூட்டியா சமைச்சுது? அவரைப் பாத்துதான். முடி பளபளன்னு ஆச்சு, பொய் சொல்லக் கூடாது. வாளி கொஞ்ச நேரம் வெளியில கெடக்கும். கொஞ்ச நேரம்னா... சாயங்காலம் வரைக்கும்.

வயித்தால போச்சான்னா, போச்சு. போன வாரம், புதனும் வியாழனும். லேசா ரத்தம்கூட. அம்மா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன்னாங்க. நான் கூட்டிட்டு... மைதானத்துக்குப் போயிட்டேன், மேட்ச் இருந்துச்சு. அங்கேர்ந்து பக்கத்துப் பையன் போன்ல அம்மாவுக்குப் போட்டு, தொண்டையைச் செருமி, நம்ம தெருக்கோடி நாய் டாக்டர் குரல்ல, அம்மா, கவலையே வேணாம், ரெண்டு நாள் கஞ்சி ஊத்துங்கன்னேன். அம்மா, ரொம்ப நன்றிங்க டாக்டர்னு வச்சிட்டாங்க. பசங்க உருண்டு உருண்டு சிரிச்சானுங்க. சனிக்கிழமை இவன் ஜோரா ஓடுனான். அப்ப சரியாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லையா?

எத்தனை நாளைக்கு? வாரக்கணக்காவா? பாக்க நல்லாத்தானே இருக்கான்! ஓ. நல்லா இருந்தாலும் கிருமி உள்ள இருக்குமா. பின்னாடி நக்குன வாயிலயும் இருக்குமா. சரி. கேட்டுக்கிட்டேன்.

வேற யாருக்கா? அப்பாவுக்கு ரெண்டு நாள், கக்கூஸைவிட்டு வெளியவே வரல. அத்தை பையன் பிளாஸுக்கு ஒரு நாள். அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. அந்த மயோனைஸ் சாலட்டை ரெண்டு தட்டு சாப்பிட்டாங்க அம்மா, இன்னைக்கு வரைக்கும் கல்லு மாதிரி இருக்காங்க, இதை யாருமே யோசிக்கல. அம்மா டெரெரே மட்டும் குடிக்க மாட்டாங்க. எலை மேல ஊத்துற அந்த ஐஸ் தண்ணி தொண்டைக்கு ஆகாது.

எனக்கா? எனக்கு ஒண்ணும் ஆகல.

இருங்க, அந்தக் குச்சியைக் கீழ வைங்க, ஒரு நிமிஷம். ஞாயித்துக்கிழமை சாப்பாடு முடிஞ்சு மாமரத்தடியில எல்லாரும் உக்காந்தோம். சின்னவன் நான்தானே, நான்தான் டெரெரே ஊத்தணும். எலையைக் கொம்புக் குவளையில போட்டு மொத ஊத்து புனித தோமாவுக்குன்னு விட்டுருவோம்ல, யாரும் குடிக்க மாட்டோம், உங்க வீட்லயும் அப்படித்தானே? அப்ப இவன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறான். நான் சமையல்கட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி, நம்ம பாதிரியார் குரல்ல, புனிதரே அருந்தும்னு, எல்லாரும் வாய் வச்சு உறிஞ்சுற அந்த ஒரே குழலை நீட்டுனேன். நல்லா சப்பு சப்புன்னு நக்குனான். வீடியோ எடுத்தேன். குழலைக் கழுவாம அப்படியே கொம்பைக் கொண்டுபோயி சுத்த விட்டேன். என் முறை வந்தப்போ, வயிறு ரொம்பிடுச்சுன்னு தள்ளிவிட்டேன். அப்பா, பிளாஸ், லிலியான். சூடு தண்ணியா இருந்தாலாவது... ஐஸ் போட்டுக் குடுத்தேன் டாக்டரம்மா. அவ வேக்காடா இருக்குடான்னு திரும்பத் திரும்பக் கேட்டா, ஏழு எட்டுத் தடவை ஊத்துனேன்.

ராத்திரி அவளுக்கு மட்டும் வீடியோ அனுப்பிச்சேன். கண்ணுல தண்ணி வர சிரிக்கிற பொம்மை பத்து போட்டு, நாளைக்கு உன்னைக் கொல்றேன்டான்னு எழுதியிருந்தா. செவ்வாக்கிழமை தூக்கிட்டுப் போனாங்க.

ஆஸ்பத்திரியில அவகிட்ட என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டிருக்காங்க. உங்க தாள்லயே இருக்குமே, முட்டை சாலட்னு. அவளே சொன்னது. ஆனா மூணாம் மாசத்துலேர்ந்து முட்டை வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டும். அன்னைக்கு மேசை அந்தக் கோடியில தனியா உக்காந்து வெறும் சோள ரொட்டிதான் தின்னா. தொடவே இல்ல டாக்டரம்மா, ஒரு கரண்டிகூட.

நேத்து என்னைக் கண்ணாடிக்கு வெளிய நிக்க விட்டாங்க. அம்மா பக்கத்துல நின்னு அத்தையைத் திட்டிக்கிட்டே இருந்தாங்க. இப்பச் சொல்லிடலாம்னு நான் வாயைத் திறந்தேன். லிலியான் என்னைப் பாத்து, வேணாம்னு தலையை ஆட்டுனா. ரெண்டு தடவை. அதுக்கே அவளுக்கு மூச்சு வாங்குச்சு.

எழுதுங்க டாக்டரம்மா. ஏன் என்னையே பாக்குறீங்க, எழுதுங்க.