உப்புக் கிடங்கின் சன்னல்

உட்காருங்கள் மேஜர். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். லிஸ்பனிலிருந்து என்னை விசாரிக்கக் கப்பலில் வந்த களைப்பு முகத்திலேயே தெரிகிறது.

நான் சாதாரணச் சிப்பாயின் மகன். மீசை முளைக்குமுன் துப்பாக்கி தூக்கியவன். உள்நாட்டுப் போரில் இடதுகை விரல்கள் போயின, பதக்கம் வந்தது. பிறகு அங்கோலா. காய்ச்சலோடு குதிரைமேல் கிடந்தே இந்தக் கரையைப் பிடித்துக் கொடுத்தேன். கவர்னர் பதவியை யாரும் எனக்குத் தானம் செய்யவில்லை. என்னிடம் ஒரு குறை உண்டு. அருவருப்பு அதிகம். சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால்கூட அன்று சாப்பாடு இறங்காது.

மழைக்கு முன் மலைக்கிராமத்தார் ரப்பர் சுமக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். அவர்கள் திரும்பும்வரை பெண்களையும் பிள்ளைகளையும் கோட்டையின் உப்புக் கிடங்கில் அடைத்தேன். எல்லா கவர்னர்களும் செய்வதுதான். மரவள்ளிக் களி போட்டேன். அவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் நான் என்ன செய்ய?

அந்தச் சமயம் பிஷப் விருந்தாளியாக வந்திருந்தார். கிடங்கின் சன்னல் சாப்பாட்டறைக்கு நேர் கீழே. மீன் சூப்பில் கரண்டியை வைத்தவர் அப்படியே மூக்கைப் பொத்திக்கொண்டார். என் மேஜையில், மேஜர்.

சார்ஜென்ட் ஒனோரியோவைக் கூப்பிட்டு, சன்னலைச் செங்கல் வைத்துப் பூசச் சொன்னேன்.

“ஐயா, உள்ள காத்து போற வழி அது ஒண்ணுதான்.”

“நாத்தம் வர்ற வழியும் அது ஒண்ணுதான்யா.”

“கதவையாவது கொஞ்சம் திறந்து வைக்கட்டுங்களா?”

“அதுக்குச் சன்னலே தேவலையே. போய்ப் பூசு.”

கடைசி வரிசைக் கல் வைக்கும்போது நானும் கீழே இறங்கிப் போய் நின்றேன். கிராமத்தலைவனின் மனைவி சிலோம்போ ஒரு கையில் குழந்தையை ஏந்திக்கொண்டு மறுகையை வெளியே நீட்டினாள். மிஷனில் வேலை பார்த்தவள், நம் மொழி தெரியும்.

“கவர்னரய்யா, நாங்க கெடக்கறோம். இந்தப் பச்சப்புள்ளய மட்டும் வாங்கிக்குங்க.”

குழந்தையின் கால்களில் பேதி வழிந்துகொண்டிருந்தது. அதை யார் தொடுவது? கையை உள்ளே தள்ளிவிட்டு வேலையை முடிக்கச் சொன்னேன்.

பிஷப்புக்கு எங்கள் கடற்காற்று பிடித்துப்போய், சொன்னதைவிடக் கூடுதலாகத் தங்கிவிட்டார். திறந்தால் நாறும் என்பதால் களியோ தண்ணீரோ உள்ளே போகவில்லை. தட்டுகிற சத்தம் சீக்கிரமே நின்றது. தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆமாம், என் உத்தரவுதான். பிஷப் கப்பலேறிய பிறகு திறக்கச் சொன்னவனும் நானே. யாரும் எழுந்து வரவில்லை. கொலைகாரன் என்று எழுதுவீர்கள், எழுதுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள். வாசலிலேயே எனக்குக் குமட்டியது. சாயங்காலம்வரை வாந்தி எடுத்தேன். அங்கே நின்றவர்களில் அவர்களுக்காக அவ்வளவு வருந்தியவன் வேறு யாரும் இல்லை.