கவுன்சிலுக்கு எதிராக ஒரு வக்கீல்

லண்டன் குரோய்டன் டிராமில் மகளைத் தள்ளுவண்டியில் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்பது சரியில்லைதான். முன் இருக்கையில் ஒருவர், நகரசபையான கவுன்சிலின் அடையாள அட்டை மாட்டியிருந்த பெண்ணிடம் கேட்டார்.

“அக்கா, உங்கட கவுன்சிலுக்கு எதிரா வழக்காட எனக்கொரு வக்கீல் பிடிச்சுத் தாங்கோ.”

“உமக்கென்ன விசரே? என்னட்டையே கேக்கிறீர்!”

“நீங்கள் தங்கத் தந்த அறையை வெள்ளிக்கிழமைக்குள்ள பிள்ளையளோட விடச் சொல்லிப்போட்டியள். இலவச வக்கீல்மார் தங்களுக்கு ஆளுக்கு இவ்வளவு வழக்குத்தான் எண்டு கையை விரிக்கினம்.”

“ஓம், அவையள் கையை விரிக்க, எல்லாரும் எங்கட கவுன்டருக்கு வருகினம். வக்கீல் ஒருத்தர் கதைச்சா அரை மணித்தியாலத்தில முடியிற அலுவலுக்கு, நாள் முழுக்க நாங்கள் பேச்சு வாங்கிறம்.”

“அப்ப நாளைக்கு வாறன்.”

“வாரும். என்னட்ட வராதேயும். பக்கத்துக் கவுன்டர்ப் பிள்ளை புதுசு. அவளுக்கு இன்னும் ஏலாது எண்டு சொல்லத் தெரியாது.”