ஏசி அறையில் ஓர் ஆர்க்கிட்

பழங்காநத்தத்தில் பஸ் ஏறிய நடுவயதுத் தம்பதி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். உச்சி வெயில்.

“நாம ஹால்ல கெடந்து வேகுறோம். உங்க செடி ஏசில தூங்குது,” என்றார் அந்த அம்மா.

“கொடைக்கானல் ஆர்க்கிட்டுடி. குளிருல மரத்த ஒட்டி வளர்றது. நம்மூரு வெக்கையத் தாங்குமா?” என்றவர் திடீரென்று எழுந்தார். “ஐயையோ, இன்னிக்கு பவர் கட்டுல்ல! இறங்கு, வீட்டுக்குப் போயிருவம்.”

“உட்காருங்க. பாட்டில்ல தண்ணிய ஐஸாக்கி, அதச் சுத்தி அடுக்கிட்டுத்தான் வந்தேன்.”

அவர் உட்கார்ந்தார்.

“உனக்குத்தான் அதக் கண்டாலே ஆகாதே?”

“ஆகாதுதான். ஆனா மொட்டு விட்டிருக்கே. சொன்னா தொட்டுத் தொட்டே உதிர்த்துருவீக, அதான் சொல்லல.”