பச்சக் கட்டம் போட்ட லுங்கி

ஐய, இன்னா அண்ணாத்தே, வந்ததும் வராததுமா டைமு பாக்கற? ரெண்டு மணிக்குத் தான உனுக்கு டூட்டி? கொரட்டூரு இன்னா கொரியாலயா கீது? பஸ்ஸு புடிச்சா போயிடலாம். செக்கூரிட்டி வரலன்னா அபார்ட்மெண்ட எவனும் தூக்கினு போயிட மாட்டான். குந்து. அந்த டயரு மேல குந்து. கிரீஸு ஒட்டாது, உன் நீலச் சட்டைக்கு இந்த வெற்றி மெக்கானிக்கு கேரண்டி.

டீ சொல்லிட்டேன். பஜ்ஜியும் சொல்லிட்டேன். வேணான்னுல்லாம் சொல்லாத, வெங்காய பஜ்ஜி.

மெய்யாலுமே நீ வருவன்னு நெனைக்கல. துலுக்கானம் அண்ணன் இனிமே இந்த பாரிவாக்கம் பக்கம் தல வச்சுக்கூட படுக்காதுன்னு தான் நெனச்சேன்.

ம்ம். அதே ஜீப்பு தான். ஜானகிராமன் சாரோடது. இன்னாத்துக்கு மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கற? ஜீப்பு இன்னா பாவம் பண்ணுச்சு? ரெண்டு வருசமா ஆவடில சாரு ஊட்டாண்ட தார்ப்பாயப் போத்திகினு கெடந்துச்சு. ஃபேக்டரில ரிட்டேராயி, ஆசப்பட்டு ஆர்மி ஏலத்துல எடுத்தாரு மனுசன். அவுரு பொண்ணு சௌம்யா பாப்பா கல்யாணத்துக்கு அப்பால தொடவே இல்ல. இப்ப பாப்பா கொயந்தைய இட்டுகினு வருதாம். மொத பொறந்த நாளு. பேரன ஜீப்புல வச்சு ஒரு ரவுண்டு போவணுமாம். டேங்க்கு, பைப்பு அல்லாத்தையும் மாத்திக் குட்றா வெற்றின்னாரு.

புதுப்பேட்டைல நாலு நாளு நாயா அலஞ்சேன். ஒருத்தன் இன்னான்றான், இந்த மாடலுக்கு டேங்க்கு வேணும்னா மியூசியத்துல போய் கேளுன்றான். நீ வேணா அங்க போய் நில்லு, ஆளுங்க டிக்கெட்டு வாங்கினு வந்து பாப்பாங்கன்னேன். அப்பால ஒரு பாய் குடோன்ல கெடச்சுது. பைப்பு ஃபுல்லா காப்பரு. டேங்க்குலருந்து பம்பு வரைக்கும், பம்புலருந்து கார்புரேட்டரு வரைக்கும். ஓஸு, கிளிப்பு, ஃபில்டரு, ஒண்ணு கூட பயசு இல்ல. பயைய பைப்ப கயட்டி வாயில வச்சு ஊதிப் பாத்தேன், செத்த எலி நாத்தம்.

ஊதினேன்னு சொன்னதும் மூஞ்சி மாறிடுச்சு பாரு.

ஸ்டாண்டுல ஆட்டோக்காரனுங்க இன்னும் அப்டித் தான் கூப்புட்றானுங்களா, ஊது அண்ணாத்தேன்னு? ராஜம்மா அண்ணிய சந்தையில பாத்தேன். பூந்தமல்லிக்கே வர்றதில்ல, ஸ்டீரிங்கயே தொட்றதில்ல, ஊட்லயும் பேச்சு கம்மின்னு சொல்லுச்சு. கத்திரிக்கா வாங்க வந்த பொம்பள, வாங்காமயே போயிடுச்சு.

சரி, சுத்தி வளைக்கல. அன்னிக்கி நடந்தத சொல்றேன். உனுக்குத் தெரியும், ஆனா உன் பக்கத்துலருந்து தான் தெரியும். என் பக்கத்துலருந்து கேளு.

பாப்பா கல்யாணத்துல மாப்ள அழைப்பு. ஜீப்பு முழுக்க சாமந்தி, ஓட்றது நீ. நீ வெள்ள சட்ட, வெள்ள பேண்ட்டு, மாப்ளைய விட நீ தான் சோக்கா இருந்த. சென்னீர்குப்பத்தாண்ட மெயின் ரோட்டுல வண்டி பொசுக்குன்னு நின்னுபோச்சு. பேண்டு வாசிக்கிறவன் நிறுத்த மாட்றான், பின்னால லாரிக்காரன் ஆரன்லருந்து கைய எடுக்க மாட்றான். எனுக்கு போனு. பைக்க உட்டுகினு வந்தேன். உன்ன எறங்கச் சொல்லி, டிரைவர் சீட்ட தூக்கி, கீய கீற டேங்க்கு மூடியத் தொறந்து எட்டிப் பாத்தேன். மூடினேன். செல்ஃப் போடுன்னேன். ஒரே தபா, புடிச்சுகிச்சு. கால் மணி நேரமா நீ போட்டும் புடிக்காத வண்டி. மாப்ளையோட மாமன் வந்து, அப்ப இன்னாய்யா கோளாறுன்னாரு. நான் சொன்னேன். வேற எவனும் இல்ல, நான் தான். வண்டிக்கு ஒண்ணுமில்ல சார், மொதல்ல டிரைவர ஊதச் சொல்லுங்கன்னு.

டமாஸு. என் வாயி உனுக்குத் தெரியாதா? சாவு ஊட்லயே பாடை லொடலொடன்னு ஆடுது, நட்டு முடுக்கவான்னு கேட்டவன் நானு.

சிரிச்சானுங்க. அந்த மாமன் நெஜமாவே உன் மூஞ்சாண்ட வந்து நின்னு ஊதுன்னாரு. நீயும் ஊதின. பீடி கூட தொடாத ஆளு நீ, கொயந்த மாதிரி வாயத் தொறந்து ஊதின. அவுரு வாசன வருது வருதுன்னாரு. சாரு சாவியப் புடுங்கிகினாரு. புதுச் சட்டையோட நீ ரோட்டோரமா நடந்து போன. திங்கக்கெயம, நீ ஓட்டிகினு இருந்த ஸ்கூல் வேன் காரங்க, கொயந்தைங்க ஏர்ற வண்டி, வேணாம்பான்னுட்டாங்க. பதினெட்டு வருசம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினவன.

உட்டுடுன்றியா? இரு, இன்னும் கீது. பஜ்ஜி துன்னு, ஆறுது.

போன வாரம் பயைய டேங்க்க கயட்டி, தண்ணி ரொப்பி, ஆக்சா பிளேடு போட்டு அறுத்தேன். உள்ள துருவு, சேறு. சேத்துக்குள்ள இது. புடி. அட, கடிக்காது, பிரிச்சுப் பாரு.

துணி தான். அந்தச் சொவுத்துல ஆணில தொங்குதே ஒண்ணு, அத்தயும் பாரு. அதே பச்சக் கட்டம். என் பயைய லுங்கி. எங்க ஊட்டுக்காரி ஷர்மிளா நாலா கியிச்சுக் குடுத்துச்சு, கை தொடைக்க. கல்யாணத்துக்கு மொத வாரம் டேங்க்க கய்வித் தரச் சொன்னாரு சாரு. கய்வினேன், காய வச்சேன், தூசு வியக் கூடாதுன்னு டேங்க்கு வாயில துணிய சொருவினேன். எவனோ கூப்ட்டான், போனேன். திரும்பி வந்து பாத்தா துணி இல்ல, காத்துல போயிருக்கும்னு மூடிட்டேன். அது உள்ள வியுந்துட்டு கீது.

வண்டி ஓட ஓட பெட்ரோல இஸ்க்கும்ல, கூடவே துணியும் போய் பைப்பு வாயில ஒட்டிக்கும். வண்டி நின்னு போவும். கொஞ்ச நேரம் கம்முனு நின்னா அதுவா நவுந்துக்கும், உடனே ஸ்டார்ட்டு ஆவும். அவ்ளோ தான் கோளாறு. நீ குந்தினு இருந்த சீட்டுக்குக் கீயவே கெடந்துச்சு.

சாருக்கு போட்டோ புடிச்சு அனுப்பினேன். ஒடனே போனு பண்ணாரு. துலுக்கானத்த இட்டுகினு வா, என் பேரன வச்சு அவன் தான் ஓட்டணும்னாரு. வேன் காரங்க கிட்டயும் அவுரே பேசறாராம். ஒரு மணிக்கு வராரு. அதுக்குத் தான் உன்ன வரச் சொன்னது.

அண்ணாத்தே.

ஐய, இன்னா இது? அயுவாத. என் கைய எதுக்குப் புடிக்கற, உடு, கிரீஸு. நீ திட்டுவன்னு தான் பஜ்ஜியும் சேத்து சொன்னேன். நீ இப்டி பண்ணுவன்னு தெரிஞ்சா டீயோட நிறுத்தியிருப்பேன்.

இன்னா? தெரியாம பண்ணதுக்கு இன்னா பண்றதுன்றியா? வேற எவனா இருந்தாலும் துணியத் தூக்கிப் போட்டுட்டு கம்முனு இருந்துருப்பான்றியா? நான் நல்லாருக்கணும்னு வேற சொல்றியா?

சாரும் அதையே தான் சொன்னாரு, நல்ல மனசுடா உனுக்குன்னு. நானும் சரிங்க சார்னு கேட்டுகினேன். அவுரு சொல்லி கேட்டுக்க முடிஞ்சுது. நீ சொல்லி முடியல. கைய உடு அண்ணாத்தே, பேச முடியல.

இப்ப நான் சொல்லப் போறது சாருக்கு இன்னும் தெரியாது. வந்ததும் சொல்லுவேன். மொதல்ல உங்கிட்ட.

அன்னிக்கி ரோட்டுல மூடியத் தொறந்து எட்டிப் பாத்தேன்னேன்ல? போன்ல லைட்டு அடிச்சுத் தான் பாத்தேன். பெட்ரோலு தெளிவா இருந்துச்சு. அடியில பச்சக் கட்டம் அசஞ்சுகினு இருந்துச்சு. ஒரு கம்பி உட்டு எடுத்திருந்தா வெளிய வந்திருக்கும். சுத்தி அம்பது பேரு நிக்கறாங்க. அத்தன பேருக்கு முன்னாடி என் லுங்கிய எடுத்துக் காட்டினா, அப்பால எவன் எங்கிட்ட வண்டி உடுவான்? அந்த நேரம் பாத்து மாமன் வந்து இன்னா கோளாறுன்னாரு.

நீ ஊதும்போது நான் உன் மூஞ்ச பாக்கல அண்ணாத்தே. குனிஞ்சு டேங்க்கு மூடிய முடுக்கிகினு இருந்தேன். அது ஏற்கெனவே டைட்டா தான் இருந்துச்சு.