ஆறப் பொறுத்தவன்

முள்ளங்கி வாடை எனக்கு ஆகாது, மச்சான். உங்கள் தங்கை வாங்கி வந்தால், பையைத் திறக்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவேன். "மூக்கா அது, மோப்ப நாயா?" என்பாள். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது.

எங்கள் ஆய்வகத்தில் நானும் அவளும் வளர்த்தது ஒரு குவாண்டம் படிகம். ஆலைப் புகைபோக்கியில் பதித்தால் வீணாகிற சூட்டை மின்சாரமாக்கும். நிலக்கரி மிச்சமாகும். நல்ல காரியம்தான். பிஸ்மத்தையும் செலினியத்தையும் உலையில் உருக்கி, நாள்கணக்கில் மெல்ல ஆறவிட வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும். நான் பதறும்போதெல்லாம், "ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா?" என்று சிரிப்பாள்.

உலை அறைச் சுவரில் விஷவாயுவைக் கண்டறியும் கருவி ஒன்று உண்டு. கசிவு என்றால் அலறி, உலையையும் அணைத்துவிடும். மேசை துடைக்கும் ஸ்பிரிட்டுக்கும் அது ஏமாந்து அலறும். இரண்டு படிகங்கள் அப்படிப் பாழாயின. அதனால் துடைக்கும்போது அதன்மேல் ரப்பர் கையுறையை மாட்டுவோம், முடிந்ததும் கழற்றுவோம். எல்லோரும் செய்வதுதான்.

அன்று விடுமுறை. நாங்கள் இருவர் மட்டும். துடைத்து முடித்து, கையுறையைக் கழற்றப் போனபோது வாடை வந்தது. அழுகிய முள்ளங்கி. செலினிய வாயு அப்படித்தான் நாறும். லேசாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு பகல் பொறுத்தால் படிகம் ஆறிவிடும். கையுறையைக் கழற்றாமல் வெளியே வந்தேன்.

உலையின் தண்ணீர்க் குழாயைப் பார்ப்பது அவள் முறை. வாசலில் நின்று கேட்டாள்.

"மூக்கு அடைச்சிருக்குடா. உள்ள வாடை ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல. போ."

இருக்கிறது என்றிருந்தால் அவளே உலையை அணைத்திருப்பாள். உடனே வந்துவிடுவாள் என்று நினைத்தேன். குழாய் ஒழுகியதால் உட்கார்ந்து சரிசெய்தாள். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டவில்லை. அவள் வீட்டுக்குப் போனதும், முகமூடி மாட்டிக்கொண்டு போய்க் கசிந்த இணைப்பை இறுக்கினேன். அறையில் காற்றோட்டம் விட்டபின் கையுறையையும் எடுத்துவிட்டேன்.

மாலையில் இருமினாள். மறுநாள் காலை மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

நேற்று என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்ன நோயின்னே தெரியாம கொன்னுட்டான் அந்த டாக்டரு. அவனை விடமாட்டேன் மாப்ள" என்று அழுதீர்கள். நான் அழாததை அதிர்ச்சி என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். உங்கள் கை பட்ட இடம் இன்னும் கூசுகிறது.

அவர்மேல் புகார் கொடுக்க வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் ஏதாவது வாயுவைச் சுவாசித்தாளா என்று அவர் கேட்டார். திரும்பவும் கேட்டார்.

என் கையில் போன் இருந்தது. உலையின் சூடு குறைவதைக் காட்டும் கோடு, திரையில் அலுங்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. வாயு என்று சொன்னால் ஆய்வகத்தைப் பூட்டுவார்கள், உலையை அணைப்பார்கள்.

"சளி பிடிச்சிருந்தது டாக்டர். வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே அவள் கண்கள் என்னைப் பார்த்தன. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, ஆமாம் என்று தலையசைத்தாள். என் மூக்கின்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

படிகம் விரிசலே இல்லாமல் வந்தது. அதற்கு அவள் பெயரை வைக்கப் போகிறார்கள். நான் மறுக்கவில்லை.

ஆனால் அவளுக்குச் சளி இருந்தது உண்மைதான், மச்சான்.